முழுவதும் படித்தேன்

போரில் மனிதனை மனிதன் சுடலாம். வானத்திலிருந்து குண்டு போடலாம். ஆனால் கண்ணை நிரந்தரமாகப் பறிப்பதற்கென்றே ஒரு லேசர் ஆயுதத்தைச் செய்வது மட்டும் கூடாது என்று உலக நாடுகள் ஒன்றுகூடி எழுதிவைத்திருக்கின்றன.

மனித மனசாட்சியின் சிகரம் அந்த ஒப்பந்தம்!

அதன் நகல் ஒன்று, அமைச்சகத்தின் மூன்றாவது மாடியில், ஒரு மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

மேசை ஆடவில்லை.

மேசை மேலிருந்த போன்தான் அலறியது.

காலை மணி பத்து முப்பத்தைந்து.

எடுத்தவர் அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர். வயது நாற்பத்தொன்பது. மீசைக்கு வயது முப்பது... மை உபயம். புதிதாக எந்த ஆயுதம் வந்தாலும் அது சட்டப்படி செல்லுமா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. பார்த்த ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'முழுவதும் படித்தேன்' என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது அந்தப் பிரிவின் பழைய வழக்கம். அவர் கண்ணில் ஒரு எழுத்து தப்பாது என்று பெயர் வாங்கியவர். ஆபீஸ் முழுக்க அவருக்குப் பட்டப்பெயர் 'பூதக்கண்ணாடி'. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஆனாலும் அவருக்கு உள்ளூர அதில் ஒரு கர்வம்!

போனில் தம்பியின் மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள்.

"மாமா... டாக்டர் செத்துட்டார்."

"எந்த டாக்டர்?"

"கண் டாக்டர். யாரோ மண்டையில அடிச்சிருக்காங்க. போலீஸ் வந்திருக்கு. கொன்னவன் உங்க தம்பி ரிப்போர்ட் இருந்த ஃபைலையும் எடுத்துட்டுப் போயிட்டானாம்."

பூதக்கண்ணாடி நாற்காலியில் உட்கார்ந்தார். ஏற்கனவே உட்கார்ந்துதான் இருந்தார். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தார்.

இன்னும் இருபத்தைந்து நிமிடத்தில், பதினொரு மணிக்கு, அந்த டாக்டர் கீழ்த்தளத்துக் கமிட்டி அறைக்கு வந்து பேசியிருக்க வேண்டும். அவர் ஒருவரைத்தான் தம்பி நம்பியிருந்தான்!

தம்பி ராணுவத்தில் இருந்தான். பன்னிரண்டு நாளுக்கு முன்பு, ஒரு புதுக் கருவியின் இரண்டாம் சுற்றுச் சோதனைக்காக அவனை ஒரு திடலுக்கு அனுப்பினார்கள். கருவியின் பெயர் 'மின்மினி'. கைக்கு அடக்கமான லேசர். சோதனைச் சாவடியை நோக்கி வருகிறவன் கண்ணில் அடித்தால் அவனுக்குச் சில விநாடி ஒன்றும் தெரியாது. அவ்வளவுதான், தற்காலிகம் என்றது கம்பெனி. அவனுக்குக் கொடுத்த வேலையும் சுலபம். நில். பார். வெளிச்சம் அடிக்கும். பார்வை திரும்பியதும் கையிலிருக்கும் பட்டனை அழுத்து.

அவன் இன்னும் அழுத்தவில்லை.

நேர் எதிரே பார்த்தால் கறுப்பு வட்டம். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. பெண்டாட்டி முகத்தைப் பார்க்க அவள் காதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆனால் மின்மினி 'தற்காலிகம்' என்பதால் அவன் குருடும் தற்காலிகம். எனவே அவனுக்குக் கிடைத்த மருத்துவ விடுப்பு பதினான்கு நாள். நாளை மறுநாள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காவலுக்கு நிற்க வேண்டும்!

கமிட்டியில் டாக்டர் வாயைத் திறந்து 'இது நிரந்தரம்' என்று சொன்னால்தான் மின்மினி நிற்கும். தம்பியின் விடுப்பும் நீளும்.

டாக்டர் இனி வாயைத் திறக்கப் போவதில்லை.

---

சாலைக்கு அந்தப் பக்கம் ராணுவ ஆஸ்பத்திரி. முதல் மாடியில் கண் சிகிச்சை அறை.

டாக்டர் தன் மேசை மேல் கவிழ்ந்து கிடந்தார். எதிர்ச் சுவரில் பார்வை பரிசோதிக்கும் எழுத்துப் பலகை. அவர் தலைக்குப் பக்கத்தில் ரத்தக்கறையோடு கொலை ஆயுதம்.

அது ஒரு கண்!

நோயாளிகளுக்கு விளக்கிக் காட்டுவதற்காகப் பளிங்கில் செய்த, தேங்காய் அளவுக் கண். மூன்று கிலோ இருக்கும்.

பெண் இன்ஸ்பெக்டர் அதைக் குனிந்து பார்த்தார். அதுவும் அவரையே பார்த்தது.

நர்ஸ் அழுதுகொண்டே சொன்னதன் சுருக்கம் இது. ஒன்பதேகாலுக்கு ஒரு ஆள் வந்தான். தொப்பி, முகக்கவசம். பார்வை மங்குகிறது என்றான். டாக்டர் சொன்னபடி இவள்தான் அவனுடைய இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டாள். கண்மணி விரிவதற்காக விடுகிற மருந்து. அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டு வார்டுக்குப் போனாள். திரும்பி வந்தால் ஆளைக் காணோம். அலமாரி திறந்து கிடந்தது. மின்மினி ஃபைலைக் காணோம். டாக்டருக்கு உயிர் இல்லை.

"அந்த மருந்து எவ்வளவு நேரம் நிக்கும்?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நாலஞ்சு மணி நேரம் மேடம். கண்மணி இப்படி அகலமா விரிஞ்சு நிக்கும். வெளிச்சம் பட்டாலும் சுருங்காது."

"பார்வை?"

"தூரத்துல இருக்கிறது ஓரளவுக்குத் தெரியும். கிட்டத்துல வெச்சு ஒரு வரி படிக்க முடியாது."

இன்ஸ்பெக்டர் டாக்டரின் டைரியைப் புரட்டினார். இன்றைய பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு. பதினொரு மணி... கமிட்டி... மின்மினி.

"அந்தக் கமிட்டி எங்க நடக்குது?"

நர்ஸ் ஜன்னல் வழியாகக் கை காட்டினாள்.

கொலைகாரனைத் தேடி உலகம் சுற்ற வேண்டாம். சாலையைக் கடந்தால் போதும்!

---

கமிட்டி அறையில் ஐந்து பேர். ஐந்து பேரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள்.

செயல்விளக்கத்துக்காகக் கம்பெனி கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடி அது. அன்பளிப்பு. திருப்பித் தர வேண்டியதில்லை என்றதும் யாரும் கழற்றவில்லை. தலைவர், கர்னல், பூதக்கண்ணாடி, குறிப்பெடுக்கும் அம்மாள், கம்பெனியின் விற்பனை அதிகாரி... பார்ப்பதற்கு ஏதோ நாட்டியக் குழு போல இருந்தது.

விற்பனை அதிகாரி பேசிக்கொண்டிருந்தான். தூங்கும்போதும் சிரிப்பான் என்று சொல்லும்படியான முகம்.

மின்மினியை எவரும் குருடாக்குவதற்காக வடிவமைக்கவில்லை என்றான். ஒப்பந்தம் தடுப்பது அப்படியே வடிவமைத்த ஆயுதத்தை மட்டும்தான் என்றான். முதல் சுற்றில் நாற்பது வீரர்கள் நின்றார்கள், பார்வை திரும்ப ஆன சராசரி நேரம் பதினான்கு விநாடி என்று ஒரு தாளை எல்லோருக்கும் நீட்டினான்.

பூதக்கண்ணாடி தாளை வாங்கினார். கையை முழுக்க நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு புருவத்தை உயர்த்தி... அவர் தாள் பார்க்கிற தோரணையே தனி. புதிதாக வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள்.

கர்னல் ஒரு சந்தேகம் கேட்டார். பட்டனை அழுத்தாதவர்கள் யாராவது உண்டா?

இருக்கலாம் என்றான் விற்பனை அதிகாரி. ஆனால் அழுத்தாதவனுக்கு நேரம் பதிவாகாது. பதிவாகாததைச் சராசரியில் சேர்க்க முடியாது. கணக்கு வாத்தியாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

"என் தம்பி அழுத்தல," என்றார் பூதக்கண்ணாடி.



"அவர் தொலைநோக்கி வழியா பார்த்தாரா சார்?" விற்பனை அதிகாரி மிகவும் அக்கறையோடு கேட்டான். "ஒப்பந்தம் காப்பாத்துறது வெறும் கண்ணையும், கண்ணாடி போட்ட கண்ணையும்தான். தொலைநோக்கி வெச்ச கண்ணு அதுல வராது. நீங்களே போன வருஷம் ஒரு குறிப்புல எழுதியிருக்கீங்க."

"வெறும் கண்ணாலதான் பார்த்தான்."

தலைவர் கனைத்தார். ஓரத்தில் தெரிகிறது என்கிறார்களே, அப்படியானால் அதைக் குருடு என்று சொல்ல முடியுமா என்று ஒரு கேள்வியைக் காற்றில் விட்டார். பிறகு, இதெல்லாம் டாக்டர் வந்தால் விளங்கிவிடும் என்றார். அவர் வரமாட்டார் என்று சொல்லப் பூதக்கண்ணாடி வாயைத் திறந்தார்.

கதவு திறந்தது.

வந்தது டாக்டர் இல்லை. இன்ஸ்பெக்டர்!

டாக்டர் கொலையானதை அவர் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல்.

பிறகு இன்ஸ்பெக்டர் சட்டைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தார். ஒவ்வொருவர் கண்ணிலும் ஒரு விநாடி அடித்துப் பார்க்க வேண்டும் என்றார்.

தலைவர் கொதித்துவிட்டார்.

"கண்ணுல லைட் அடிக்கிறதா? எழுத்துமூலம் அனுமதி இருக்கா? மருத்துவச் சான்று இருக்கா? மனுஷன் கண்ணுன்னா உங்களுக்கு விளையாட்டா?"

மின்மினி மேசை நடுவில், வெல்வெட் துணி மேல், மௌனமாகப் படுத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டார். மன்னிப்புக் கேட்டார். வெளியே போனார். பத்து நிமிடத்தில் கையில் ஐந்து தாளோடு திரும்பினார்.

"இன்னிக்கு இந்த அறையில இருந்தவங்க விவரம். வழக்கமா வாங்குறதுதான். படிச்சுட்டு ஒரு கையெழுத்து."

பொடிப் பொடி எழுத்து. குறிப்பெடுக்கும் அம்மாள் படித்தாள்... வாயில் கை வைத்தாள். கர்னல் படித்தார்... விழுந்து விழுந்து சிரித்தார். தலைவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, சொந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் இன்ஸ்பெக்டருக்கு இடமாற்றம் நிச்சயம்.

அந்த மூன்று பேரும் கையெழுத்துப் போடவில்லை.

இரண்டு பேர் போட்டார்கள்.

விற்பனை அதிகாரி சிரித்துக்கொண்டே போட்டான். பூதக்கண்ணாடி கையை நீட்டி, தலையைச் சாய்த்து, புருவத்தை உயர்த்தி, அடியில் தன் வழக்கப்படி இரண்டு சொல் சேர்த்துப் போட்டார்.

இன்ஸ்பெக்டர் இரண்டு தாளையும் எடுத்து உரக்கப் படித்தார்.

"'இன்று காலை ஒன்பதரை மணிக்குக் கண் டாக்டரைப் பளிங்குக் கண்ணால் அடித்துக் கொன்றவன் நான்தான்.'"

நிமிர்ந்தார்.

"செத்தவர் ஒருத்தர். கொன்னவங்க ரெண்டு பேர். இதுல ஒருத்தர் 'முழுவதும் படித்தேன்'னு வேற எழுதிக் குடுத்திருக்கார்."

பூதக்கண்ணாடியின் மை போட்ட மீசை துடித்தது.

இப்போது இன்ஸ்பெக்டரின் கையில் எழுத்துமூலம் அனுமதிக்கு மேலேயே இருந்தது!  டார்ச் வெளியே வந்தது.

முதலில் பூதக்கண்ணாடி. வெளிச்சம் பட்டதும் அவர் கண்மணி கடுகாகச் சுருங்கியது. இரண்டு கண்ணும் அப்படியே. மருந்தின் வாடைகூடப் படாத கண்!

அடுத்து விற்பனை அதிகாரி. அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மறுத்தான். கர்னல் கழற்றினார்.

கண்மணி அகல விரிந்து கிடந்தது. டார்ச் அடித்தார்... அசையவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது. சிரிப்பு முதல்முறையாக அந்த முகத்தை விட்டு இறங்கியது.

அவன் கொண்டுவந்த செயல்விளக்கப் பெட்டியில், மின்மினியை வைத்துக் கொண்டுவந்த பஞ்சுக்கு அடியில், டாக்டரின் ஃபைல் இருந்தது. தொப்பியும் முகக்கவசமும்கூட.

அவனை அழைத்துக்கொண்டு போனார்கள். வாசற்படி தெரியாமல் தடுக்கினான். ஒரு கான்ஸ்டபிள் கையைப் பிடித்து நடத்திச் சென்றார்.

---

பூதக்கண்ணாடி ஃபைலைத் தாவி எடுத்தார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ரிப்போர்ட் கிடைச்சாச்சு. இனிமே இதைத் தற்காலிகம்னு யாரும் சொல்ல முடியாது. தலைவரே, நிறுத்துங்க."

தலைவர் கை நீட்டினார். ஃபைலை வாங்கினார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு மேசை மேலிருந்த தடித்த அமைச்சக ஃபைலை இழுத்து, அதையும் புரட்டினார்.

ஒரு இடத்தில் நிறுத்தினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது நம்மகிட்டயே இருக்கே."

"என்ன தலைவரே?"

"இணைப்பு ஒன்பது. டாக்டர் போன மாசமே அனுப்பிட்டார். நாப்பது பேர்ல ஆறு பேர் பட்டன் அழுத்தல, ஆறு பேருக்கும் விழித்திரை நடுவுல வெந்திருக்கு, திரும்பி வராது, இரண்டாம் சுற்று நடத்தவே கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்கார்."

ஒரு கொலை! மூன்று கிலோ பளிங்கு! எல்லாம், அமைச்சக ஃபைலில் ஒரு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு தாளை மறைக்க!

தலைவர் அந்தப் பக்கத்தின் அடியைத் தொட்டுக் காட்டினார்.

எழுத்து பொடிதான். ஆனால் அடியில் இருந்த இரண்டு சொல் பெரிசு. 'முழுவதும் படித்தேன்.' கீழே கையெழுத்து. தேதி, இந்த மாதம் மூன்று.

அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் இரண்டாம் சுற்றுக்கு அனுமதி போனது.

தம்பி திடலில் போய் நின்ற தேதி, பன்னிரண்டு.

 குறிப்பெடுக்கும் அம்மாளின் பேனா நின்றது.

"சட்டப் பிரிவு இந்த ஆட்சேபத்தைப் படிச்சு, பரிசீலிச்சு, அதுக்கப்புறமும் சம்மதிச்சிருக்கு," தலைவர் மெதுவாகச் சொன்னார். "உங்க தம்பி ஏழாவது ஆள், அதே காயம்தான். புதுசா ஒண்ணும் வரலையே. நான் எப்படி நிறுத்துறது?"

கம்பெனியிலிருந்து ஏற்கனவே போன் வந்துவிட்டிருந்தது. நடந்ததற்கு மிகவும் வருந்தினார்கள். நாளைக்கு வேறு ஆளை அனுப்புகிறார்களாம்.

ஒரு வழி இருந்தது. அதையும் தலைவரே சொன்னார். சட்ட ஆலோசகர் தன் கையெழுத்தைத் திரும்பப் பெறலாம். அதற்கு ஒரு படிவம் உண்டு. காரணம் என்ற இடத்தில் காரணத்தை எழுத வேண்டும். ஃபைல் மேலே போகும் நேரம் மதியம் ஒரு மணி. அதற்குள் படிவம் வந்தால் மின்மினி நிற்கும், பரிசீலனை முதலிலிருந்து தொடங்கும்.

"என்ன காரணம்னு எழுதுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பூதக்கண்ணாடி படிவத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வராந்தாவில் இன்ஸ்பெக்டர் அவருக்காகக் காத்திருந்தார்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். வழக்குக்கு வேண்டாம், எனக்காகத்தான். அவன் படிக்காததுக்கு மருந்து காரணம். உங்க கண்ணுல மருந்து இல்ல. நீங்க ஏன் படிக்கல?"

அவர் வேகமாக மாடிப்படி ஏறினார்.

---

மணி பன்னிரண்டு நாற்பது.

மேசை ஆடவில்லை. மேலே படிவம். கையில் பேனா.

காரணம் என்ற இடம் எது என்று தேடினார். கையை நீட்டிப் பார்த்தார். சாய்ந்து பார்த்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். எறும்பு வரிசைகளில் ஏதோ ஒன்று அது.

'படிக்கவில்லை.' ஒரே சொல். அதை எழுதினால் இந்த ஒரு ஃபைல் மட்டுமா திறக்கும்? மூன்று வருடத்து ஃபைல் எல்லாம் திறக்கும். ஆபீஸ் முழுக்கத் திறக்கும். கேன்டீனில் பட்டப்பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். முகத்துக்கு நேராகவே.

போன் அடித்தது. தம்பி.

"அண்ணா, ஃபைல் கிடைச்சிருச்சாமே."

"ம்."

"அதுல என் பேர் இருக்கா?"

"உன் பேர் இருக்கு."

"போதும்ணா. இங்க என்னை எழுத்துப் பலகைக்கு முன்னாடி உட்கார வெச்சிருக்காங்க. நாளன்னைக்கு டியூட்டிக்குத் தயாரான்னு பார்க்கணுமாம். பெரிய எழுத்துகூட ஓட்டை மாதிரி இருக்கு. குண்டு பட்டவனை வீட்டுக்குத் தூக்கிட்டு வருவாங்க. நான் நடந்தே வந்துட்டேன், வீடுதான் தெரியல." கொஞ்சம் சிரித்தான். "ஏன்ணா, அந்த ரிப்போர்ட்டை நீ படிச்சியா?"

ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் போனில் கேட்டது.

"படிச்சேன்," என்றார்.

"முழுசா?"

"முழுசா."

"அப்பச் சரி. நீ படிச்சா சரியாயிடும். ஒரு எழுத்து விடமாட்டே நீ."

வைத்துவிட்டான்.

சுவர்க் கடிகாரம் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தூரத்தில் இருப்பது எல்லாமே நன்றாகத் தெரியும். பன்னிரண்டு ஐம்பது. ஐம்பத்தைந்து. கீழே முற்றத்தில் ஃபைல் வண்டி வந்து நிற்பதும், தலைவரின் அறையிலிருந்து கட்டுகளைக் கொண்டுவந்து ஏற்றுவதும்கூடத் தெரிந்தது. தடித்த கட்டு ஒன்று கடைசியாக ஏறியது.

மணி ஒன்று அடித்தது.

வண்டி கிளம்பியது.

படிவம் வெள்ளையாக இருந்தது. அவர் அதை நான்காக மடித்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசையின் இழுப்பறையைத் திறந்தார்.

உள்ளே, மூன்று வருடத்துக்கு முன்பு வாங்கிய படிக்கும் கண்ணாடி இருந்தது.

அதன் வலது வில்லையில், பிளஸ் இரண்டு என்ற ஸ்டிக்கர் இன்னும் உரிக்கப்படவில்லை.